இரண்டாம் உறை

சுவரில் ஒட்டிய அறிவிப்பை நான்தான் எழுதினேன்:
'பக்கவாதம் வந்து மூன்று மாதம் கடந்தவர்கள்,
விரலைக் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்கள்
ஆய்வில் பங்கேற்கத் தேவை.
பஸ் செலவு தரப்படும்.'

'தேவை'ன்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தேன்
என்றார் உத்திராபதி.
கொரடாச்சேரிக்காரர்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியவர்.
ஐப்பசியிலிருந்து யாருக்கும் தேவைப்படாதவர்.

மருந்து உண்டா?
இல்லை.
ஊசி?
அதுவும் இல்லை.
அப்ப எதைத்தாம்மா சோதிக்கிறீங்க?

பதினொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.
'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்'
என்ற வரி வந்ததும்
தையல்நாயகி புருஷனைப் பார்த்துச் சிரித்தாள்,
தனக்கும் அது பொருந்துமா என்பதுபோல.

கையெழுத்துப் பழகிய கை மடியில் கிடந்தது.
இடது பெருவிரலை மையில் அழுத்தினார்.

உறையைப் பிரித்தேன்.
உள்ளே இருப்பது எனக்கும் தெரியாது.
முதல் உறை என்றால்
நல்ல கையைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு
நாளுக்கு ஆறு மணி நேரம்
வராத கையால்தான் எல்லாம்:
சோறு, பொத்தான், சொம்பு, கதவுத் தாழ்ப்பாள்.
இரண்டாம் உறைக்கு வழக்கமான பயிற்சி.

இரண்டு, என்றேன்.
அவர் முகத்தைப் பார்த்துவிட்டு
மூணாறு தலைப்பை உதாரணம் சொன்னேன்.
வெண்ணாறு அங்கே மூன்றாகிறதே,
எந்தத் துளி கோரையாற்றுக்கு, எது பாமணிக்கு என்று
யாராவது முடிவு செய்கிறார்களா?
'ஷட்டரை ஒரு ஆள்தானேம்மா தூக்குறான்.'

அளப்பவள் நீலவேணி.
யார் எந்த உறை என்று அவள் அறியக்கூடாது.
ஒன்பது துளை, ஒன்பது குச்சி, கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம்.
முதல் நாள் நாலு குச்சிக்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது.
பன்னிரண்டாம் வாரம்
ஒன்பதும் நின்றன. எழுபத்தொரு நொடி.

இவர் முதல் உறைதானே? என்றாள் நீலவேணி.
கேட்கக்கூடாது அவள்.
சொல்லக்கூடாது நான்.

பதினான்காம் கேள்வி:
வேறு ஏதேனும் சிகிச்சை எடுத்தீர்களா?
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
தையல்நாயகிதான் சொன்னாள்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டு.
கூட்ஸு வண்டிக்காக முக்கா மணி நேரம் நின்ற பஸ்.
பக்கத்து சீட்டில் கொடிக்கால்பாளையம் ஜெகபர் அலி,
இடது கையில் பை,
வலது கையால் கடலை உரித்துக்கொண்டு.
ஒரு கடலைக்கு ஒரு நிமிஷம்.
'உரிச்சதுல பாதியை எங்களுக்குக் குடுத்தாரு.
அப்பறம் கேக்காம இருப்பமா?
நாங்களும் ஒரு உறை தச்சுக்கிட்டோம்.
நீங்க குடுத்தது இல்ல,
தலகாணி உறை.'

பிறகு, தாழ்ந்த குரலில்,
'மேல வயலுக்குப் பாய்ச்சுனா
வரப்புக்கு இந்தப் பக்கம் கசியாதா?'

ஆய்வில் இதற்குப் பெயர் கலப்பு.
தொலைபேசியில் பெரிய டாக்டர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
எழுதிடுங்க, என்றார்.
எழுதினேன். தலையணை உறை என்றே எழுதினேன்.

பேரை எடுத்துருவீங்களா?
மாட்டோம். விழுந்த குழுவிலேயே எண்ணுவோம்.
இதை மட்டும் சொல்லவில்லை:
கட்டிய கையால் எழுந்த இந்த ஒன்பது குச்சியும்
கட்டாத குழுவின் கணக்கில் ஏறும்;
கட்டுவதால் பெரிய வித்தியாசம் இல்லை என்று
உத்திராபதியின் விரல்களே சாட்சி சொல்லும்.

கிளம்பும்போது நின்றார்.
அந்தத் தாளு இன்னும் ரெண்டு குடுங்க.
எங்க தெருவுல ஆளு இருக்கு.
முதல் உறையா பாத்து...
நான் பார்த்துத் தர முடியாதே.
'அதனால என்ன,' என்றாள் தையல்நாயகி,
'கேட்டு அங்கதான இருக்கு.'

வலது கையால் வாங்கினார்.
ஒரு தாள் நழுவித் தரையில் விழுந்தது.
அவள் குனியவில்லை.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தும்
பேசாமல் நின்றாள்,
அவர் எடுக்கும்வரை.